என் பையனுக்கு மாலைக்கண் வந்தப்போ நாங்க பட்டதும் கத்துக்கிட்டதும்

எங்க ஊரு ஒட்டன்சத்திரம் பக்கம். காய்கறி மார்க்கெட்டுக்குப் பேர் போன ஊரு, சுத்தி எங்க திரும்பினாலும் முருங்கைத் தோட்டம், எங்க வாசல்லயே ஒரு மரம் நிக்குது, வீட்டுக்காரர் காய்கறி லோடு ஓட்டுறவரு, கேரட்டும் பீட்ரூட்டும் மூட்டை மூட்டையா எங்க கண்ணு முன்னாடிதான் கேரளாவுக்குப் போகுது. அப்படிப்பட்ட வீட்டுல வளர்ந்த பிள்ளைக்கு விட்டமின் ஏ இல்லாம கண்ணு மங்கிப்போச்சுன்னு சொன்னா யாரு நம்புவா, நானே நம்பல.

2023 தைப்பூசம். பழனிக்கு நடந்து போறவங்க எங்க ரோட்டுலதான் போவாங்க, நாங்க வருஷா வருஷம் வாசல்ல ஒரு டிரம் வெச்சு மோர் ஊத்துவோம். பொழுது சாயுற நேரம், லைட்டு இன்னும் போடல, பையன் என் சேலையப் புடிச்சுக்கிட்டே நின்னவன் அப்பாகிட்ட போறேன்னு திரும்பி நேரா போய் டிரம்முல மோதினான். எழுந்து ரெண்டு அடி வெச்சு பந்தல் குச்சியில மோதினான். அப்ப மோர் குடிச்சுக்கிட்டு இருந்த ஒரு ஆத்தா, காரைக்குடிப் பக்கம்னு பேச்சுலயே தெரிஞ்சது, "பிள்ளைக்கு மாலைக்கண்ணு இருக்கும் போலயே தாயி, ஆட்டு ஈரலு சுட்டுக் குடு"ன்னு சொல்லிட்டு டம்ளரக் கழுவி வெச்சுட்டு நடையக் கட்டிருச்சு. எனக்கு சுருக்குன்னு கோவம்தான் வந்துச்சு, என் பிள்ளையப் பார்த்து என்ன பேச்சு இதுன்னு.

ஆனா ராத்திரி படுத்தப்புறம் ஒவ்வொண்ணா ஞாபகம் வருது. மூணு மாசமாவே சாயங்காலம் ஆனா திண்ணைய விட்டு எறங்க மாட்டான், கரண்ட் போனா அலறுவான், ஒண்ணுக்குப் போகக்கூட போன் டார்ச் அடிக்கச் சொல்லுவான், செவுத்தத் தடவித் தடவி நடப்பான். நாங்க அதை இருட்டு பயம்னு நெனைச்சோம். அத்தை காத்து கருப்புன்னு சொல்லி கயிறு கட்டி விட்டாங்க. பகல்ல ஓடியாடி விளையாடுறவனுக்கு கண்ணுல கோளாறு இருக்கும்னு யாருக்குத் தோணும்?

அதோட கண்ணுல ஒரு வெள்ளை. கருவிழிக்கும் காதுப்பக்க ஓரத்துக்கும் நடுவுல, முழியோட வெள்ளையில, சோப்பு நுரை காஞ்சு ஒட்டின மாதிரி சின்னதா ஒரு திட்டு, ரெண்டு கண்ணுலயும். மெடிக்கல்ல காட்டினேன், அலர்ஜின்னு ஒரு சொட்டு மருந்து குடுத்தாங்க, ஒரு மாசம் போட்டேன். துடைச்சா போகும், மறுநாள் அதே எடத்துல திரும்ப வந்து நிக்கும். இங்கதான் எனக்கு முதல் அடி. கண்ணுல எது இருந்தாலும் சொட்டு மருந்துன்னு நாமளே முடிவு பண்றோம், இது சொட்டு மருந்துக்குக் கட்டுப்படுற சங்கதியே இல்ல, வயித்து வழியா சரி பண்ண வேண்டியது.

அடுத்த வாரமே கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். அந்த டாக்டரம்மா டார்ச் அடிச்சுப் பார்த்ததும் கேட்ட மொதல் கேள்வி "சாயங்காலம் எப்படி நடக்குறான்?" ரெண்டாவது "என்ன சாப்பிடுவான்?" நான் சொன்ன லிஸ்ட்ட கேட்டு பேனாவ கீழ வெச்சுட்டாங்க. வெறும் ரசம் சோறு, அதுவும் தெளிவு ரசம், ரஸ்க்கு, பிஸ்கட்டு, பொரி, வரக்காப்பி. பால் வாசனைக்கே வாந்தி எடுப்பான், முட்டை தொட மாட்டான், கீரைய பார்த்தாலே வாயப் பொத்துவான், பழத்துல கொழகொழன்னு இருக்குறது எதுவும் ஆகாது. எண்ணெய் நெய் மேல பட்டா கையக் கழுவச் சொல்லி அழுவான். அடம்னு நெனைச்சு அடிச்சிருக்கேன், இப்ப நெனைச்சா வயிறு எரியுது. அதுக்கு முன்னாடி ரெண்டு மாசத்துல மூணு தடவ வயித்தால போயிருந்துச்சு, இருந்த கொஞ்சநஞ்சமும் அதுல கரைஞ்சிருக்கும்னு சொன்னாங்க.

அந்த வெள்ளைத் திட்டுக்கு பிட்டாட் ஸ்பாட்னு பேரு. இந்த அளவுல புடிச்சது நல்லதாப் போச்சு, இதுக்கு மேல போனா கருவிழியே காஞ்சு, கொழகொழன்னு ஆகி, சில நாள்லயே பார்வை மொத்தமா போயிரும், அப்படிப் போனது திரும்ப வராதுன்னு அவங்க சாதாரணமா சொன்னாங்க, எனக்குக் காலு ஓடல. இருட்டுல பார்க்குறதுக்கு கண்ணுக்குள்ள ஒரு பொருள் வேணுமாம், ரோடாப்சின்னு பேரு, அதை செய்யவே விட்டமின் ஏ வேணும், வெளிச்சம் படப்பட அது கரையும், திரும்பத் திரும்ப புதுசா செஞ்சுக்கிட்டே இருக்கணும், கைல சரக்கு இல்லன்னா வெளிச்சம் குறையுற நேரத்துலதான் மொதல்ல தெரியும். அதனாலதான் பகல்ல ஒண்ணும் தெரியாம ஏமாந்தோம்.

ரத்தம் எடுத்தாங்க, ஆனா ரிசல்ட்டுக்குக் காத்திருக்கல. அங்கயே அப்பவே சிரப்பு. ஒரு எம்.எல்.ல ஒரு லட்சம் யூனிட், இவனுக்கு நாலு வயசு, ஒரு வயசு தாண்டின பிள்ளைங்கிறதால ரெண்டு எம்.எல்., அதாவது ரெண்டு லட்சம் யூனிட். மறுநாள் அதே அளவு இன்னொண்ணு. மூணாவது ரெண்டு வாரம் கழிச்சு. ஆறு மாசத்துல இருந்து ஒரு வயசு வரைக்கும் உள்ள குழந்தைன்னா ஒரு லட்சம், ஆறு மாசத்துக்குக் கீழன்னா அம்பதாயிரம், நாள் கணக்கு மட்டும் அதேதான்னு சொன்னாங்க. இதை இங்க எழுதுறது நீங்களே வாங்கி ஊத்துறதுக்கு இல்ல, டாக்டர் ஒரே நாள்ல ரெண்டு லட்சம்னு சொன்னா பயந்துராதீங்கன்னு சொல்லத்தான். நான் பயந்து போய் "இவ்வளவா மேடம்?"னு கேட்டேன். அவங்க கணக்குப் போட்டுக் காட்டினாங்க. ரெண்டு லட்சம் யூனிட்டுங்கிறது 60,000 மைக்ரோகிராம். இந்த வயசுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 400, 500 மைக்ரோகிராம் போதும். அப்ப ஒரு ஸ்பூனு நாலஞ்சு மாச சாப்பாடு, அது ஈரல்ல போய் குதிர்ல நெல்லு கொட்டி வெச்ச மாதிரி உக்காந்துக்கும், உடம்பு தேவைக்கு எடுத்துக்கும். இது எண்ணெயில கரையுற ஜாதி, பி காம்ப்ளெக்ஸ், சி மாதிரி மிச்சம் ஒண்ணுக்குல போயிராது. நல்லதும் அதுதான், ஆபத்தும் அதுதான், அந்த ஆபத்த பின்னாடி சொல்றேன்.

ரெண்டாவது டோஸ் அன்னிக்கு ராத்திரி ஒரு தடவ வாந்தி, தலை வலிக்குதுன்னு அழுதான். முன்னாடியே சொல்லியிருந்தாங்க, ஒரு நாள் ரெண்டு நாள்ல தானா போயிரும்னு. போயிருச்சு.

மூணாவது நாள் சாயங்காலத்த நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆறரை மணி இருக்கும், அத்தை கோழியக் கூட்டுல அடைச்சுக்கிட்டு இருந்தாங்க, ஒரு குஞ்சு தப்பிச்சு முருங்கை மரத்தடிக்கு ஓடுச்சு. இவன் திண்ணையில இருந்து குதிச்சு அது பின்னாடி ஓடிப் புடிச்சுக் கொண்டு வந்து குடுத்தான். யாரும் டார்ச் அடிக்கல. அத்தை குஞ்சக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டாங்க, மறுநாள் காலையில அவங்களே கயித்த அறுத்துப் போட்டாங்க.

ஆனா வெள்ளைத் திட்டு அவ்வளவு சீக்கிரம் போகல. ஒரு கண்ணுல அஞ்சாறு வாரம் ஆச்சு, இன்னொண்ணுல லேசா ஒரு தடம் ரொம்ப நாள் இருந்துச்சு. சில பேருக்கு அது அப்படியே தங்கிரும், அதை வெச்சு மருந்து வேலை செய்யலன்னு நெனைச்சு மறுபடி டோஸ் ஏத்தக்கூடாது, ராத்திரிப் பார்வைதான் சரியான அளவுகோல்னு சொல்லி அனுப்பினாங்க. ரத்த ரிசல்ட் ஒரு வாரம் கழிச்சு வந்துச்சு, 11. இருபதுக்குக் கீழ போனாலே குறைபாடு.

சரி, கவர்மெண்ட்ல இதைத்தான் சும்மாவே குடுக்குறாங்களே, இவனுக்கு ஏன் கிடைக்கல? தடுப்பூசி அட்டைய எடுத்துப் பார்த்தேன். ஒம்போதாவது மாசம் தட்டம்மை ஊசியோட ஒரு எம்.எல். குடுத்தது இருக்கு. அடுத்தது ஒன்னரை வயசு பூஸ்டரோட ரெண்டு எம்.எல்., அதுக்கப்புறம் ஆறு மாசத்துக்கு ஒண்ணுன்னு அஞ்சு வயசு வரைக்கும், மொத்தம் ஒம்போது டோஸ். இவனுக்கு ஒன்னரை வயசு ஆனது 2020 மார்ச்சு. அப்புறம் என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், அங்கன்வாடி பூட்டிக் கிடந்துச்சு, பூஸ்டர் ஊசி மட்டும் லேட்டா போட்டோம், சிரப்பு விட்டுப்போச்சு, நானும் கேக்கல. ஊசின்னா ஞாபகம் வெச்சுக்கிறோம், ஒரு ஸ்பூனு சிரப்புதானேன்னு விட்டுர்றோம். அட்டையில அந்த வரிசை முழுக்க காலியா கிடந்தத அன்னிக்குத்தான் பார்த்தேன். உங்க வீட்டு அட்டையையும் ஒரு தடவ பிரிச்சுப் பாருங்க, விட்டிருந்தா நர்சம்மாகிட்ட கேளுங்க, அஞ்சு வயசுக்குள்ள எப்ப வேணும்னாலும் ஆரம்பிக்கலாம், ரெண்டு டோஸுக்கு நடுவுல ஆறு மாசம் இருக்கணும், அவ்வளவுதான்.

எங்க மாமனாருக்கு இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபுடிச்சதுன்னு ஒரு எண்ணம். டாக்டரம்மா சொன்னத அவர்கிட்ட சொன்னப்ப ஆச்சரியப்பட்டாரு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்களும் சேர்ந்து நம்ம திருச்சி மாவட்டத்து கிராமங்கள்ல 15,419 பிள்ளைங்கள வெச்சு ஒரு வருஷம் ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, வாரா வாரம் 8,333 யூனிட் மட்டும், அதாவது சாப்பாட்டுல கிடைக்க வேண்டிய அளவுதான், அதுக்கே பிள்ளைங்க சாவு 54 சதவீதம் குறைஞ்சிருக்கு. 1990ல வந்த ஆய்வு. அதுக்கு முன்னாடி 1986ல இந்தோனேசியாவுல ஆல்ஃபிரெட் சாமர்ங்கிற கண் டாக்டரோட குழு ஆறு மாசத்துக்கு ஒரு பெரிய டோஸ் குடுத்து 34 சதவீதம் குறையுதுன்னு பார்த்திருக்காங்க. கண்ணுக்குன்னு ஆரம்பிச்சது உயிரையே காப்பாத்துதுன்னு அப்பத்தான் உலகத்துக்கு உறைச்சிருக்கு. பின்னாடி உத்தரப் பிரதேசத்துல பத்து லட்சம் பிள்ளைங்கள வெச்சு பண்ணி 2013ல வெளிவந்த ஆய்வுல பெரிய வித்தியாசம் தெரியலயாம், அதனால இப்பவும் எல்லா பிள்ளைக்கும் குடுக்கணுமான்னு டாக்டருங்களுக்குள்ளயே வாக்குவாதம் ஓடுது. என்னைக் கேட்டா, குறைபாடு இருக்குற பிள்ளைக்கு வாக்குவாதத்துக்கு எடமில்ல, நான் கண்ணால பார்த்தவ.

இப்ப அந்த ஆபத்து. இதை எழுத உக்காந்ததே இதுக்காகத்தான்.

பையனுக்கு சரியானதும் எனக்கு விட்டமின் ஏ மேல ஒரு பக்தியே வந்துருச்சு. எனக்கும் கண்ணு உறுத்துது, முடி கொட்டுது, நானும் போட்டா என்னன்னு மெடிக்கல்ல கேட்டேன், 25,000 யூனிட் மாத்திரை ஒரு அட்டைய எடுத்து நீட்டிட்டாங்க, சீட்டும் கேக்கல ஒண்ணும் கேக்கல. தினம் ஒண்ணுன்னு எனக்கு நானே முடிவு பண்ணி மொத நாள் ஒண்ணு முழுங்கினேன். மறுநாள் அங்கன்வாடியில விட்டமின் ஏ குடுக்குற நாள், எங்க கிராம நர்சு வந்திருந்தாங்க. பையனக் கூட்டிட்டுப் போய் நானே பெருமையா சொல்றேன், சிஸ்டர் இவனுக்கு ரெண்டு டோஸ் ஆச்சு, நானும் மாத்திரை ஆரம்பிச்சிட்டேன்னு. அவங்க கையில இருந்த ஸ்பூன அப்படியே வெச்சுட்டு என்னை மேலயும் கீழயும் பார்த்து "தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சு?"ன்னாங்க. அப்பத்தான் எண்ணிப் பார்க்குறேன், அம்பது நாளுக்குக் கிட்ட.

கார்டு வெச்சுப் பார்த்தா ரெண்டு கோடு.

அந்த சிஸ்டர் அன்னிக்குத் திட்டின திட்டு இன்னும் காதுல இருக்கு. கர்ப்பமா இருக்குறப்போ, அதுவும் மொத ரெண்டு மூணு மாசம் பிள்ளைக்கு முகம், மூளை, இதயமெல்லாம் உருவாகுற நேரத்துல இந்த விட்டமின் ஏ மாத்திரை அளவுக்கு மேல போனா பிள்ளைக்கு அங்கக் குறை வரலாம். நாளைக்கு 10,000 யூனிட்டுக்கு மேல கூடாது, மாலைக்கண் இருக்குற கர்ப்பிணிக்கே டாக்டர் அந்த அளவுக்குள்ள சின்னச் சின்னதாத்தான் குடுப்பாங்க, பிள்ளைக்குக் குடுக்குற மாதிரி ரெண்டு லட்சம் ஒரே மூச்சுல குடுக்கவே மாட்டாங்க. மொகப்பருவுக்கு டாக்டர் எழுதுற ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை இருக்கே, அதுவும் இதே குடும்பம்தான், அது இன்னும் மோசம், அதை சாப்பிடுறப்போ கர்ப்பமே ஆகக்கூடாது. எங்க சித்தி பொண்ணு கல்யாணம் நிச்சயமானப்புறமும் அதை சாப்பிட்டுக்கிட்டு இருந்தா, நான் போன் பண்ணி உடனே எழுதிக் குடுத்த டாக்டரப் போய்ப் பாருன்னு வெரட்டினேன். கீரை, கேரட், மாம்பழத்துல இருக்குறதுக்கு இந்தப் பயம் வேணாம், உடம்பு தேவைக்குத்தான் அதை மாத்திக்கும். ஈரல் அப்படி இல்ல, அது நேரா விட்டமின் ஏயாவே இருக்கு, அதனால மாசமா இருக்குறவங்க ஆட்டு ஈரல வாராவாரம் தின்னக்கூடாது. எங்க பக்கம் சுவரொட்டியும் ஈரலும் ஒண்ணுன்னு நெனைப்பாங்க, ரெண்டும் வேற, சுவரொட்டி மண்ணீரல், ரத்தம் ஊறன்னு சாப்பிடுறது.

அந்த ஒத்த மாத்திரைக்காக அஞ்சாவது மாச ஸ்கேன் வரைக்கும் நான் தூங்கல. டாக்டர் ஒண்ணோட நிறுத்தினதால பயப்பட வேண்டாம்னுதான் சொன்னாங்க, ஆனா மனசு கேக்குமா. பாப்பா அக்டோபர்ல நல்லபடியா பொறந்தா. அந்த மாத்திரை அட்டைய இன்னும் பீரோவுல வெச்சிருக்கேன், ஒரு குழி மட்டும் காலியா, எதுக்குன்னு கேட்டா சொல்லத் தெரியல.

பையனுக்கும் அன்னிக்கு சிஸ்டர் சிரப்பு ஊத்தல. ஒரு மாசத்துக்குள்ள ஆஸ்பத்திரியில பெரிய டோஸ் குடுத்திருந்தா முகாம்ல மறுபடி குடுக்கக்கூடாதாம், மூணாவது டோஸ் டாக்டர் சொன்ன தேதியில போதும்னு சொல்லி ஆஸ்பத்திரி டோஸ் தேதியெல்லாம் அட்டையில எழுதிக் குடுத்தாங்க. நான் வாயத் திறக்காம இருந்திருந்தா அன்னிக்கும் ரெண்டு எம்.எல். உள்ள போயிருக்கும். அளவுக்கு மீறி ரொம்ப நாள் போனா தோல் உரியும், உதடு வெடிக்கும், முடி கொட்டும், எலும்பு வலிக்கும், ஈரல் கெடும். முடி கொட்டுதுன்னு நான் போட ஆரம்பிச்ச மாத்திரையே முடியக் கொட்ட வைக்குமாம், இதுக்கு என்னத்த சொல்ல.

இன்னொண்ணு, நம்ம சின்ன வயசுல மஞ்சளா கண்ணாடி மாதிரி மீன் எண்ணெய் மாத்திரை குடுப்பாங்களே, அதுல விட்டமின் ஏ உண்டு, ஏன்னா அது மீனோட ஈரல் எண்ணெய். இப்ப ஒமேகா 3ன்னு பெருசா விக்கிறது பெரும்பாலும் மீன் உடம்பு எண்ணெய், அதுல இருக்காது. ரெண்டும் ஒண்ணுன்னு நெனைச்சு எங்க நாத்தனாரு அவங்க பிள்ளைக்கு மாசக்கணக்கா வாங்கிக் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. பாட்டிலத் திருப்பிப் பார்த்து விட்டமின் ஏ எத்தனை யூனிட்டுன்னு படிச்சாத்தான் தெரியும்.

சாப்பாட்டு விஷயத்துல ஒரே நாள்ல அதிசயம் நடக்கல. டாக்டரம்மா சொல்லி ஒரு தெரபிஸ்ட்கிட்ட போனோம், இவனுக்கு அடம் இல்ல, கொழகொழன்னு இருக்குறது வாயில பட்டா நெசமாவே தாங்க முடியலன்னு சொன்னாங்க, மொறுமொறுன்னு செஞ்சு ஆரம்பிங்கன்னாங்க. முருங்கைக்கீரை மேல எனக்கு ரொம்ப நம்பிக்கை, தோசை மாவுல பொடி பண்ணி போட்டேன், பச்சையப் பார்த்ததும் தட்ட நகர்த்திட்டான். மஞ்சள் பூசணிய வேகவெச்சு அரைச்சு மாவுல கலந்தேன், கலர் தெரியல, மொறுகலா ஊத்தினேன், சாப்பிட்டான். ஒரு மாசம் கழிச்சு அதுலயே மஞ்சக்கரு ஒரு ஸ்பூன். இப்ப முட்டை தோசைன்னு கேட்டு வாங்குறான். சக்கரவள்ளிக் கிழங்கும் குடுத்தேன், அப்புறம்தான் தெரிஞ்சது நம்ம ஊரு வெள்ளைக் கிழங்குல இந்த சத்து கிடையாது, உள்ள ஆரஞ்சா இருக்குற ரகத்துலதான் இருக்கு. காய்கறியில இருக்குறது அப்படியே விட்டமின் ஏ இல்ல, உடம்பு மாத்தணும், பன்னெண்டு பங்கு போனா ஒரு பங்குதான் தேறும், எண்ணெய் இல்லாம வேகவெச்சா அதுவும் சரியா சேராது. எண்ணெயே தொடாதவனுக்கு கேரட்ட பச்சையா அரைச்சு ஜூஸா குடுத்து வீணாக்கினது எத்தனை கிலோ.

எண்ணெய்ல இன்னொரு கூத்து. நாங்க ஆரோக்கியம்னு செக்குக் கடலெண்ணெய்க்கு மாறியிருந்தோம். சில பாக்கெட் எண்ணெயில நீலக் கலர்ல ப்ளஸ் எஃப்னு முத்திரை இருக்கும், அதுல விட்டமின் ஏவும் டியும் சேர்த்திருப்பாங்க, செக்கு எண்ணெயில அது கிடையாது. செக்க நான் குறை சொல்லல, இன்னும் அதைத்தான் வாங்குறேன், ஆனா பையனோட தோசைக்கு மட்டும் அந்த முத்திரை போட்ட பாக்கெட்.

போன வருஷம் ஜூலையில... இல்ல, 2024 ஜூலை, பாப்பாவுக்கு ஒம்போது மாசம் முடிஞ்சு தட்டம்மை ஊசிக்குப் போனோம், அதே சிஸ்டர்தான். ஊசி போட்டு அழுகை அடங்கினதும் ஸ்பூன்ல பாதிக் கோடு வரைக்கும் சிரப்ப ஊத்தினாங்க, ஒரு எம்.எல். பாப்பா நக்கிப் பார்த்துட்டு மறுபடி வாயத் திறக்குறா. பக்கத்துல நின்ன எங்க பையன் "எனக்கும் ஆரஞ்சு மருந்து"ன்னு கைய நீட்டுறான். சிஸ்டர் அட்டைய வாங்கிப் பார்த்துட்டு "உனக்கு அஞ்சு வயசு தாண்டிருச்சுடா, நீ போய் முட்டை தோசை தின்னு"ன்னு சொல்லி ஸ்பூனக் கழுவப் போயிட்டாங்க.